கவர்னருக்கு நீ போட்ட ஸ்பிரிங்

இன்று காலை ஒரு லாரி டிரைவர் என் பட்டறைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்தான். புது ஸ்பிரிங்குகள். எண்ணெய்ப் பிசுபிசுப்போடு உருண்டன. "பாய், டீசல் பம்பு கவர்னர்ல இருக்கிறத கழட்டிப் போட்டுட்டு இதப் போட்டுக் குடுங்க. போன்ல வீடியோ பாத்தேன், வண்டி சும்மா பிச்சிக்கினு போவுமாம்" என்றான். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினேன். அமுங்க மாட்டேன் என்றது. அந்த நிமிஷமே உன் மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த டிரைவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். டிரைவர் ஸ்பிரிங்கையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, "பெருசுக்கு மண்டை கொழம்பிப் போச்சு" என்று முணுமுணுத்தபடி போய்விட்டான்.

உனக்கு சலாம் எழுதி ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. செத்தவனைப் பற்றிக் கெட்டதாகப் பேசக் கூடாது என்று என் வீட்டுக்காரி நசீமா மத்தியானத்திலிருந்து ஓதிக்கொண்டிருக்கிறாள். பேசவில்லை, எழுதத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். நாம் வாயால் திட்டிக்கொண்டதெல்லாம் உருதுவில். எழுத்து மட்டும் உனக்கும் எனக்கும் ஆம்பூர் ஸ்கூலில் கற்ற தமிழ்தான். அதனால் புரியவில்லை என்று சாக்கு சொல்லாதே. சாக்கு சொல்வதில் உன்னை ஜெயிக்க ஆம்பூரில் ஆள் கிடையாது.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் உன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நீ லாரி பிடித்தாய், நான் பம்பு பிடித்தேன். உன் வண்டி ஊரில் இருக்கிற நாளெல்லாம் ஹைவே ஓரத்தில் இருந்த என் பட்டறையில்தான் கிடப்பாய். நான் வேலை செய்வேன், நீ என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, எனக்கு எரிச்சல் வருகிற வரைக்கும் பேசுவாய். ஊரில் எவன் பெண்ணுக்கு எங்கே நிச்சயம், எந்தக் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், எந்த ஓட்டலில் பிரியாணிக்குக் கறி கம்மி பண்ணிவிட்டான், எல்லாம் உன் வாயிலிருந்துதான் எனக்கு வரும். "நீ இல்லன்னா எனக்கு யாருடா தோஸ்த்" என்று என் முதுகில் தட்டுவாய். அந்தத் தட்டு இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது.

கவர்னர் என்றால் என்ன என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நீ தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தாய். டீசல் பம்பின் முதுகில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு ஜோடி எடைக்கட்டிகள் சுற்றுகின்றன. இன்ஜின் வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். ஸ்பிரிங் அவற்றை விரிய விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் எடைதான் ஜெயிக்கும், டீசல் தானாகக் குறையும். அப்புறம் நீ ஆக்சிலேட்டர்மேல் ஏறி உட்கார்ந்தாலும் இன்ஜின் அதற்கு மேல் கத்தாது. கெட்டி ஸ்பிரிங் போட்டால் எடை விரிய நேரமாகும். இன்ஜின் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று ஏறும். வண்டி பறக்கிற மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற வால்வும் பிஸ்டனும் ராடும் அந்த வேகத்துக்குச் செய்தவை இல்லை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன்.

பம்பை ஓட்டிப் பார்த்து, அளவு வைத்து முடித்ததும், கவர்னர் மூடியின் திருகுகளில் கம்பி கோத்து, ஈயக் குண்டு மாட்டி, குறடால் ஒரே அமுக்கு. அதுதான் சீல். என் குறடின் வாயில் ஒரு பிறையும் என் பெயரின் முதல் எழுத்தும் செதுக்கியிருந்தது. அந்த ஈயத்தில் பிறை இருந்தால், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்த லாரிக்காரனும் பம்பைப் பற்றி மறுகேள்வி கேட்க மாட்டான். உனக்கு லாரி இருந்தது, தோல் மண்டிக்காரர்களுக்கு மண்டி இருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் அந்தப் பெயர்தான். அதுதான் எனக்குச் சோறு போட்டது.

பக்ரீத் வந்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? எல்லா ஊர் மதரஸாக்களிலும் குர்பானி கொடுத்த ஆடுகளின் தோல் குவியும். அவசர அவசரமாக உப்பைத் தூவி, லாரியில் ஏற்றி, ஆம்பூர் மண்டிக்கு அனுப்புவார்கள். அவசரத்தில் போட்ட உப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் பட்டு, ரோமம் கையோடு வர ஆரம்பித்தால் தோல் குப்பைதான். அதனால் எல்லா லாரியும் ஓட்டப் பந்தயத்தில்தான் வரும். உனக்கு லோடு கொடுக்கிற ஹாஜியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெங்களூர்ப் பக்கத்துத் தோலோடு பக்ரீத்துக்கு எவன் வண்டி முதலில் வந்து மண்டி வாசலில் நிற்கிறதோ, அவனுக்குத்தான் அந்த வருஷம் முழுக்க அவருடைய லோடு. முந்தின வருஷம் உன் வண்டியை ஒரு புது வண்டிக்காரன் கிருஷ்ணகிரி தாண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திப் போய்விட்டான். அதை நீ ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிக் கருகினாய்.

அப்புறம்தான் என்னிடம் கேட்டாய். ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"டேய், கவர்னருக்குக் கொஞ்சம் கெட்டி ஸ்பிரிங் போட்டுக் குடுறா. மெட்ராஸ்ல கெடைக்குதாம்."

"உன் வண்டி வயசுக்கு அதெல்லாம் ஆவாது. ஹெட்டை எறக்கணும், வால்வு ஸ்பிரிங் மாத்தணும், ராடு எப்படி இருக்குன்னு பாக்கணும். அதெல்லாம் பண்ணினு வா, போட்டுத் தர்றேன்."

"அதுக்கெல்லாம் டைம் ஏதுடா? பக்ரீத் வந்துடுச்சு."

"அப்ப கம்முனு மூடினு போ."

நீ சிரித்தாய். உன் தட்டிலிருந்த நல்ல கறித் துண்டை எடுத்து என் தட்டில் போட்டாய். "பயந்தாங்கொள்ளிடா நீ" என்றாய். நான் அந்தத் துண்டைச் சாப்பிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நசீமாவின் தங்கை நிக்காஹுக்கு நாங்கள் குடும்பத்தோடு திமிரிக்குப் போனோம். பட்டறைச் சாவி உன்னிடம் இருந்தது. டயருக்குக் காற்று பிடிக்கத் தினமும் கேட்டுத் தொந்தரவு செய்கிறாயே என்று நானே ஒரு சாவி அடித்துக் கொடுத்திருந்தேன். நான் அங்கே மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது நீ என் பட்டறையைத் திறந்தாய். உன் வண்டியின் பம்பில் நான் போட்ட சீலை அறுத்தாய். மூடியைக் கழற்றினாய். எடைக்கட்டியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றத் தனி ஸ்பேனர் வேண்டும், அதுவும் என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது. மெட்ராஸ் ஸ்பிரிங் போட்டாய். நட்டை இறுக்கினாய். இவ்வளவும் செய்துவிட்டு அப்படியே விட்டிருந்தால்கூட நான் உன்னை நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ அதோடு விடவில்லையே. புதுக் கம்பி கோத்து, புது ஈயம் வைத்து, என் குறடை எடுத்து அமுக்கினாய். அது எதற்கு? சீல் இல்லாத பம்போடு வண்டி ஓட்டினால் ஹாஜியார் கேட்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்லாமல் என் பெயரை எடுத்துப் பூசிக்கொண்டாய்.

வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும், இல்லையா? புது வண்டிக்காரனை முந்தினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனுக்கு நீயும் ஹார்ன் அடித்தாயாம். நாட்றம்பள்ளி தாண்டி இன்ஜின் வெடித்தது. போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் உனக்கு ஏதும் ஆகியிருக்கக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே போனேன். அந்த துஆவை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. வால்வு உடைந்து, பிஸ்டன் நொறுங்கி, ராடு இன்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கையை விடலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. ரோடெல்லாம் ஆயில். நீ ஒரு கீறல் இல்லாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாய். நான் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

பக்ரீத் நேரத்தில் மாற்று வண்டி எங்கே கிடைக்கும்? ஒரு பகல் முழுக்கத் தோல் வெயிலில் கிடந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதக் கூடாது. ஆம்பூர்க்காரன் நான், தோல் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன், எனக்கே குமட்டியது. போகிற பஸ்ஸெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போயின. இழுவை வண்டி பிடித்து மண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது ரோமம் தொட்டால் வந்தது. ஹாஜியார் கையில் ஒரு தோலை எடுத்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார்.

அப்புறம் மண்டி வாசலிலேயே பம்பைக் கழற்ற வைத்தார். லாரிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், தோல் வியாபாரிகள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார். அவன் சீல் இருந்த கம்பியை எல்லாருக்கும் காட்டிவிட்டு அறுத்தான். மூடி திறந்தது. நான் குனிந்து பார்த்தேன். தடித்தடியாக ஸ்பிரிங். என் ஜன்மத்தில் நான் அந்த ஸ்பிரிங் வாங்கியதில்லை.

"சீல் யாருது?" என்று ஹாஜியார் கேட்டார்.

"என்னுதுதான் ஹாஜியார்."

"ஸ்பிரிங்?"

"என்னுது இல்ல. சத்தியமா நான் போடல."

"சீல் ஒன்னுது, உள்ள இருக்கிறது ஒன்னுது இல்லியா? இன்னா பாய் இது?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த மெக்கானிக் வேறு, "கை பாயோடதுதான் ஹாஜியார். நட்டு ரெண்டும் ஒரே மட்டத்துக்கு நிக்குது பாருங்க. வேற எவனும் இப்படி வெக்க மாட்டான்" என்றான். எத்தனை நாள் என் தோளுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாய்? அதெல்லாம் சும்மா போகவில்லை. நீ அவ்வளவு சுத்தமாக வேலை செய்துதான் என்னை மாட்டிவிட்டாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். என் பிழைப்பு முழுக்க அந்த இடத்தில் உன் வாயில் இருந்தது. நீ செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கு இன்னா தெரியும் ஹாஜியார்? நான் வண்டி ஓட்டுறவன். பம்பு அவன் வேலை."

அதற்கப்புறம் மண்டிக்குப் பின்னால், உப்பு மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் உன் சட்டையைப் பிடித்தேனே, அப்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாய். சாவி, மெட்ராஸ், குறடு, எல்லாம். அழுதாய்கூட. "டேய், பேஜார் பண்ணாதடா. நான்தான்னு சொன்னா ஹாஜியார் எனக்கு லோடு குடுக்க மாட்டாரு. எனக்கு லாரிய விட்டா வேற ஒண்ணும் தெரியாது. உனக்கு இன்னாடா, கைத்தொழில் இருக்குது, எங்க போனாலும் பொழச்சிக்குவ" என்றாய். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாய்! எனக்குக் கை இருக்கிறது என்பதால் என் கழுத்தை அறுக்கலாமாம். உன் சட்டையை விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் உன்னை அடித்திருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் இன்று வரைக்கும் நினைத்து நினைத்துக் கை பிசைகிறேன்.

நான் ஊரெல்லாம் சொன்னேன். நீதான் செய்தாய் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் சொன்னேன். யார் நம்பினார்கள்? "தன் தப்ப மறைக்க தோஸ்த்து மேலயே பழி போடுறான் பாரு" என்றார்கள். நான் முரடன், எதற்கெடுத்தாலும் கத்துகிறவன். நீ சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன், எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதலில் போய் நிற்கிறவன். என் பட்டறை வாசலில் வண்டி நிற்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. பட்டறையைக் காலி செய்துவிட்டு வேலூரில் இன்னொருத்தன் கடையில் கூலிக்குப் போனேன். என் கையால் வேலை முடிந்த பம்புக்கு அவன் சீல் போடுவான். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நசீமா ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்தோல், தைக்கிற செக்ஷன். அவள் வீட்டில் பெண்கள் யாரும் கம்பெனிக்குப் போனதில்லை. முதல் நாள் காலை கம்பெனி பஸ் ஏறப் போனவள் தெரு முனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. நீ அந்த நேரம் உன் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். "பாபி, பாத்துப் போங்க" என்று அண்ணி முறை வைத்துச் சொன்னாய். உனக்கு எப்படிடா வாய் வந்தது?

ஹாஜியார் உன்னைக் கைவிடவில்லை. வேறு இன்ஜின் போட்டுக் கொடுத்து லோடும் கொடுத்தார். பெருநாள் தவறாமல் உன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரும். நான் தொடக் கூடாது என்பேன். நசீமா அதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு வருஷம் பசியோடு வந்தவன் தெரியாமல் திறந்து சாப்பிட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இங்கே வேலூர்ப் பாகாயத்தில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு உட்கார எனக்குத் தலை நரைத்துவிட்டது. தோல் பதனிடுகிற டேனரிகளின் ஜெனரேட்டர்களும் பழைய வண்டிகளும் வருகின்றன, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஆம்பூரிலிருந்து ஒரு லாரிக்காரன்கூட வந்ததில்லை. வேலூர்க்காரன் வருவான், ஆற்காட்டுக்காரன் வருவான். நம் ஊர்க்காரன் என் ஷெட்டைத் தாண்டி அடுத்த கடைக்குப் போவான். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஆம்பூர் வண்டி வந்து நிற்க வேண்டும் என்பதுதான். உன்னால் அது முடிந்திருக்கும். ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும்.

உனக்குச் சர்க்கரை முற்றி, கிட்னி போய், வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக வந்தேன். நீ பாதியாகிக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"வந்துட்டியா? உக்காரு. உன் பாபி டீ வாங்கினு வரப் போயிருக்கா."

"டீ குடிக்க வரல. நான் இன்னாத்துக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும்."

"இன்னும் அதையே புடிச்சினு தொங்குறியா? உனக்கு வேற வேல இல்லியாடா?"

"இருந்த வேலையத்தான் நீ கெடுத்துட்டியே."

நீ சிரித்தாய், இருமினாய், மறுபடி சிரித்தாய். "சரி, நான் செத்தா வருவியா, மாட்டியா?"

"வருவேன். நெஜமாவே செத்துட்டியான்னு பாக்க வருவேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எவ்வளவு நாளைக்கப்புறம்! அதை நினைத்தால் எனக்கு அவமானமாக இருக்கிறது. சிரித்து முடித்ததும் சொன்னேன்: "நாளைக்கு ஹாஜியார் உன்னப் பாக்க வர்றாராம். அவர்கிட்ட சொல்லிடு. நான் பக்கத்துல கூட நிக்க மாட்டேன். உன்ன யாரு இனிமே இன்னா பண்ணப் போறாங்க?" நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "சொல்றேன்டா" என்றாய். உன் வாயால் அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் காலைப் போர்வையால் மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன். ஹாஜியாரை அவர் மகன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். உள்ளே போனார். வெகு நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் போய் அவர் முன்னால் நின்று சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னார், "தம்பி ரொம்ப முடியாம இருக்கான். துஆ செய்யுங்க" என்றார், காரில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். நீ சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. அந்த வாரமே நீ போய்ச் சேர்ந்தாய்.

உன் ஜனாஸாவுக்கு ஆம்பூரே வந்திருந்தது. நானும் வந்தேன், சொன்னபடி. பள்ளிவாசல் முற்றத்தில் உன்னை வைத்து, எல்லாரும் வரிசையாக நின்ற பிறகு, உன் மகன் முன்னால் வந்தான். வழக்கமாகக் கேட்பதுதான், எந்த ஜனாஸாவிலும் கேட்பதுதான். "எங்க அப்பா உங்கள்ல யாருக்காவது தப்பு பண்ணியிருந்தா, மனசு நோக நடந்திருந்தா, அல்லாவுக்காக மாஃப் பண்ணிடுங்க" என்றான். எனக்கு முன் வரிசையில் ஹாஜியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மண்டி வாசலில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்த மெக்கானிக்கும் இருந்தான். எல்லாரும் ஒரே இடத்தில், வாயை மூடிக்கொண்டு. சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது.

கூட்டம் முழுக்க ஒரே குரலில் "மாஃப் கியா" என்றது, மன்னித்துவிட்டோம் என்று. அந்தக் குரலில் என் குரலும் இருந்தது. என் காதால் கேட்டேன். சின்ன வயதிலிருந்து எத்தனை ஜனாஸாவில் நின்றிருப்பேன், எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கேட்டால் வாய் தானாகச் சொல்கிறது. நான் சொல்ல நினைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அதற்குள் தக்பீர் கட்டித் தொழுகையை ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தனியாகக் கேட்டேன், மனசில் இல்லாமல் வாய் சொன்னால் அது செல்லுமா என்று. "சொன்னது நல்லதுதானே பாய், விட்டுடுங்களேன்" என்றார். அவருக்கு என்ன, அவர் வேலூருக்குப் பஸ் ஏறியவரா?

கபரஸ்தானில் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடக்கத் துணைக்கு என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்: "ஒங்களால அவன் வண்டியே போச்சு பாய். ஆனா ஒரு நாள்கூட ஒங்களப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த கொற சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில கூட, 'அவன் நல்லவன் ஹாஜியார், எல்லாரும் அவன மன்னிச்சிடுங்க'ன்னுதான் சொன்னான். எவ்ளோ பெரிய மனசு பாருங்க."

கேட்டாயா? சொல்கிறேன் என்றாயே, நீ சொன்னது இதுதான். சாகும்போது நீ என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாய்! ஊரையும் என்னை மன்னிக்கச் சொல்லியிருக்கிறாய்! நான் வாயைத் திறந்தேன். எங்களுக்கு முன்னால் நாலடி தூரத்தில் உன் மகன் முழங்கை வரை மண்ணோடு, தோள் குலுங்க நடந்துபோய்க்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன். அது அவனுக்காக. உனக்காக என்று நினைத்துவிடாதே.

இந்தக் காகிதத்தை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. நசீமாகூடப் படிக்க மாட்டாள். ஆனால் எழுதிவிட வேண்டும். பள்ளிவாசல் முற்றத்தில் என் வாய் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் உன்னை மாஃப் பண்ணவில்லை. பண்ணப்போவதும் இல்லை. இது என்னோடு இருக்கும், நான் இருக்கிற வரைக்கும் இருக்கும். மறுமையில் எல்லாரையும் எழுப்பி நிறுத்தும்போது ஹாஜியார் அங்கே இருப்பார், சிரித்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். லோடு போய்விடும் என்கிற பயமும் அங்கே கிடையாது. முதலில் அவர்களிடம் போய், "ஸ்பிரிங் போட்டதும் சீல் அடித்ததும் நான்தான்" என்று உன் வாயால் சொல்லு. சொல்லிவிட்டு வா. அது வரைக்கும் என் பக்கத்தில் வந்து நிற்காதே.